மயில்சாமிக்குப் போடாத இலை

ஜூலை 1, திங்கள்

பழைய வழக்குகள் பிரிவில் இன்று பொறுப்பேற்றேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆயுத அறைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஓர் அறை, இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி, ஏட்டு ஆரோக்கியசாமி. அவர் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் போலீசுக்கு வந்தவர். "பேய் பங்களா மாதிரி இருக்குதுங்க மேடம், ஆனா காத்து நல்லா வரும்" என்று அறையைத் திறந்து காட்டினார். காற்று நன்றாகத்தான் வருகிறது.

அக்டோபர் கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்குள் முட்டி வலியைக் காரணம் காட்டி ஸ்டேஷனிலிருந்து எடுத்து இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். "ரெஸ்ட்டா இருங்கம்மா" என்றார் டி.எஸ்.பி. என் மகன் வயது அவருக்கு. எரிச்சல்தான் வந்தது. ஆனால் மத்தியானம் வரை ஒரு மனுகூட வரவில்லை, ஒருவர்கூட என் மேஜையில் கை ஊன்றிக் கத்தவில்லை. தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டேன். எரிச்சல் போய்விட்டது. ஓய்வு பெறுவதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

வீட்டுக்காரருக்குத்தான் தலைகால் புரியவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது முழுநேர வேலை மாத நாவல் படிப்பது. "இனிமேத்தான் நீ நெசமான டிடெக்டிவ்" என்கிறார். அவர் படிக்கிற நாவல்களில் வருகிறவன் சிகரெட் துண்டைப் பார்த்தே கொலைகாரனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவான். அவனுக்கு முட்டி வலிப்பதில்லை. பயணப்படி பில்லும் அவன் எழுதுவதில்லை.

ஜூலை 4, வியாழன்

முதல் ஆள் வந்துவிட்டார். பெயர் நாச்சிமுத்து, அறுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, கையில் இரண்டு இளநீர். மாதம் ஒரு தடவை வருவாராம். என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

இளநீரைத் திருப்பிக் கொடுத்தேன். "லஞ்சமில்லீங்கம்மா, மரத்துல காய்க்குது" என்றார். கொலை வழக்கில் முதல் குற்றவாளி கையால் இளநீர் குடித்தால் நாளைக்கு என்னைப் பற்றி ஒரு விசாரணை நடக்கும் என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, "அந்தப் பேருதானுங்க, முதல் குற்றவாளி. சாகறதுக்குள்ள அதை மட்டும் எடுத்துட்டீங்கன்னா போதும்" என்றார்.

அவர் போனதும் வழக்குக் கட்டை எடுத்துப் படித்தேன். இருபத்தோரு வருடத்துக்கு முந்தைய வழக்கு. கொன்றையூரில் நாச்சிமுத்துவும் மயில்சாமியும் கூட்டாக ஒரு ரிக் வண்டி வைத்திருந்தார்கள், ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. இந்தப் பக்கத்து வழக்கப்படி வருடத்தில் பாதி நாள் வடக்கே போய்த் துளை போட்டுவிட்டு வருவார்கள். ஒரு நாள் சாயங்காலம் வண்டி நிறுத்துகிற இடத்தில், பத்துப் பேர் பார்க்க, இரண்டு பேருக்கும் சண்டை. நாச்சிமுத்து ஓங்கி அறைந்தார். "உன்னை உசுரோட உடமாட்டேன்" என்றும் சொன்னார். மறுநாள் மயில்சாமியைக் காணோம். வாய்க்கால் மேட்டில் அவருடைய மோட்டார் சைக்கிளும் ரத்தம் தோய்ந்த துண்டும் கிடந்தன. பிணம் கிடைக்கவில்லை. நாச்சிமுத்து சில மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வழக்கு முன்னும் போகவில்லை, முடியவும் இல்லை. அப்படியே கிடக்கிறது, அவரும்தான்.

ஜூலை 5, வெள்ளி

இளநீரை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காவலர் குடித்துவிட்டார்.

ஜூலை 10, புதன்

வாய்க்கால் மேட்டைப் போய்ப் பார்த்தோம். இப்போது அங்கே ஒரு பேக்கரி. முன்பு பஸ் நிற்கிற இடமாம். இரண்டு டீ குடித்து, ஒரு தேங்காய் பன் சாப்பிட்டோம். துப்பு என்று பார்த்தால் பன் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டின்போது வழக்கை முடித்துவிட்டார். "போர்வெல் குழிக்குள்ள பிணத்தைப் போட்டு மூடியிருப்பான். அவங்கிட்டத்தான் ரிக் இருக்குதே!" குழி ஆறரை அங்குலம், அதில் மயில்சாமியின் கால்கூட நுழையாது என்றேன். தோசையைத் திருப்பிக்கொண்டே யோசித்தார். "அப்ப பொண்டாட்டிதான்" என்றார். அவர் படிக்கிற நாவலில் இந்த மாதம் பொண்டாட்டிதான் போலிருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். நல்ல வீடு, தென்னந்தோப்புக்கு நடுவில். அவர் மனைவி ராமாத்தாள் காபி கொண்டுவந்தார். டம்ளரை நான் வாங்கிக் குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் புரிந்தது, இந்த வீட்டில் வெளி ஆட்கள் யாரும் கை நனைப்பதில்லை. ஊரில் காது குத்து, சீர், கல்யாணம் எதற்கும் இவர்களுக்கு அழைப்பு கிடையாது. மகன் பெங்களூரில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். எனக்குக் காபி பிடிக்கும்.

சண்டை எதற்கு என்று கேட்டேன். மனைவி உள்ளே போன பிறகுதான் நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

"வடக்க அவனுக்கு ஒரு பொண்ணோட பழக்கம் ஆயிப்போச்சுங்க. ஊட்டுல கலாமணி கைக்கொழந்தையை வெச்சுட்டு இருக்குது. எத்தனையோ சொன்னேன், கேக்கலை. அன்னிக்குக் கை நீட்டிட்டேன். மூக்குல ரத்தம் வந்துருச்சு, துண்டுலதான் தொடைச்சான். போலீஸ்ல இதையேதான் சொன்னேன். செத்தவன்மேல பழி போடறயான்னு கேட்டாங்க."

எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது தோப்பு வரை கூட வந்தார். அங்கே நின்று மெதுவாகச் சொன்னார்: "ஊரு நம்பாததுகூடப் பரவால்லீங்கம்மா. எங்கூட்டுக்காரி இத்தனை வருசத்துல ஒருக்காகூட என்னைக் கேக்கலை, நீங்க பண்ணீங்களா இல்லையான்னு. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். கேக்காதவகிட்ட எப்படிச் சொல்றது?"

தேங்காய் விழப்போகிறது, தள்ளி நில்லுங்கள் என்றேன்.

ஜூலை 27, சனி

முட்டி வீங்கிவிட்டது. வீட்டுக்காரர் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். கை எரிகிறது என்று அவர்தான் அதிகம் கத்தினார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மயில்சாமியின் மனைவி கலாமணியைப் பார்த்தேன். நாற்பத்தைந்து இருக்கும். கொன்றையூர் கடைவீதியில் ரவிக்கை தைக்கும் கடை. அழுது வடிகிற முகத்தை எதிர்பார்த்துப் போனேன். அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "உக்காருங்க மேடம், இந்தக் கையை மட்டும் முடிச்சுக்கறேன்" என்றாள். ஒரு நிமிடத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

மகள் மதுமிதாவுக்குச் செப்டம்பர் 15 கல்யாணமாம். மாப்பிள்ளை திருப்பூரில் வேலை. "அப்பன் இல்லாத புள்ளைன்னு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுங்க மேடம். அதுக்குத்தான் இத்தனை பாடு" என்றாள். நெற்றியில் விபூதிக் கீற்று, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. வழக்கைப் பற்றிக் கேட்டால், முன்பு கொடுத்த வாக்குமூலத்தை மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள். நாச்சிமுத்து பெயர் வந்ததும் தையல் இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கையோடு கொண்டுபோயிருந்த ரவிக்கைத் துணியைக் கொடுத்து அளவும் கொடுத்தேன். மறுபடி வர ஒரு காரணம் வேண்டுமே. துணியும் வெகுநாளாகச் சும்மா கிடந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

ரவிக்கை கச்சிதம். இருபது வருடமாக என் அளவுக்குப் பொருந்தாத ரவிக்கைகளையே போட்டு வந்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது. இன்னும் இரண்டு கொடுத்தேன். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மேடம் போய் அக்கா ஆகிவிட்டது. "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வூட்டுல படையல் வெக்கறோம். வந்துருங்கக்கா, விசாரணைக்கு இல்ல, சாப்பிட" என்றாள்.

ஆரோக்கியசாமி வரும் வழியில், "நாம விசாரிக்கறமா, துணி தைக்கறமா மேடம்?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் அந்த வீட்டில் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். ஆளுக்கு ஓர் இலை, இலைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு புதுத்துணி. ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கும்பிட்டு, நல்லபடியாக நடத்திக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். அதன் பிறகுதான் பத்திரிகை வைக்கக் கிளம்புவது.

கலாமணி வீட்டில் மூன்று இலை. மாமனாருக்கு வேட்டி, மாமியாருக்குச் சேலை, மதுமிதாவுக்கு முன்னால் பிறந்து தவறிய குழந்தைக்கு ஒரு சின்னச் சட்டை. அந்தச் சட்டையை அவளே தைத்திருந்தாள். பருப்பு, பொரியல், இனிப்புக்கு ஒப்பிட்டு எல்லாம் வைத்துக் கற்பூரம் ஏற்றப் போனபோது மயில்சாமியின் அக்கா, பெரிய உடம்பு, பெரிய குரல், சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏம்மா கலாமணி, தம்பிக்கு இலை எங்க?"

"போட்டாச்சுங்க அண்ணி, எல்லாத்துக்கும் சேத்துத்தான்" என்றாள் கலாமணி.

"அதெப்படி? பெத்த அப்பன். முதல் இலை அவனுக்குத்தானே போடோணும். துணி எடுக்க மறந்துட்டயாட்டம் இருக்குது. சரி, அலமாரில ஒரு துண்டு இருக்கும், எடு." சொல்லிக்கொண்டே அக்காக்காரி ஒரு வாழையிலையை எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"வேண்டாமுங்க!"

கலாமணி அந்த இலையைப் பிடித்து இழுத்த வேகத்தில் அது நீளவாக்கில் கிழிந்துவிட்டது. அவளே சுதாரித்துக்கொண்டு, "அவரு சாமி கும்பிடறவரே இல்லீங்களே அண்ணி, அதான்" என்று ஏதோ சொன்னாள். அக்காக்காரி மூக்கை உறிஞ்சிவிட்டு, "உனக்கு இன்னும் மனசு ஆறலை, பாவம்" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கற்பூரம் ஏற்றினார்கள்.

நான் கலாமணியின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது துக்கம் இல்லை. நான் முப்பத்து நான்கு வருடம் போலீஸ் வேலை பார்த்தவள், துக்கத்தையும் பயத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

சாப்பாடு பிரமாதம். ஒப்பிட்டு இரண்டு சாப்பிட்டேன். ருசி நாக்கில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ஆரோக்கியசாமிக்குச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குச் சர்ச்சில் பூசை வைப்பார்கள், இலை போட மாட்டார்கள்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு இலை போட்டா என்னங்க மேடம்?"

"ஆயுசு குறையும். சாபம் கொடுக்கற மாதிரி. பகையாளிக்குக்கூட எங்க பக்கம் யாரும் பண்ண மாட்டாங்க."

அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அப்படின்னா..." என்றார்.

"ஆமா" என்றேன்.

சட்டத்தின் முன்னால் இதெல்லாம் சாட்சியம் இல்லை. கிழிந்த வாழையிலையைக் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்ட முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது சந்தோஷமாக இருந்ததா என்றால், இல்லை. அவள் எனக்குத் தைத்த ரவிக்கையைத்தான் போட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரமாகப் போனேன். ஆரோக்கியசாமியை வெளியே நிற்கச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"கலாமணி, மயில்சாமி எங்க இருக்கார்?"

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். மறுத்தாள் என்றால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அவள் மறுக்கவில்லை.

"இலையைப் பாத்துட்டுத்தானேக்கா?" என்றாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

காணாமல் போய் இரண்டு வருடம் கழித்து மயில்சாமி வீட்டுக்குப் போன் செய்தாராம். வடக்கே ஒரு ஊரில், அந்தப் பெண்ணோடு, அங்கேயும் ஒரு பையன். அறை வாங்கிய அன்றைக்கு மோட்டார் சைக்கிளை வாய்க்கால் மேட்டில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறியவர்தான். கொலை வழக்கு நடந்ததே அவருக்குத் தெரியாதாம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கல் அன்று, மகள் குரலைக் கேட்க மட்டும் கூப்பிடுவார். மதுமிதாவுக்கு அது ராங் நம்பர்.

"நாச்சிமுத்து அண்ணன் அதுக்குள்ள வெளிய வந்துட்டாருங்க. அதான் சொல்லலை. அது மட்டுமில்ல, பொய் எதுக்கு, உங்ககிட்டச் சொல்றேன். புருசனைக் கொன்னுட்டாங்கன்னதும் இந்த ஊரு என்னைத் தாங்குச்சு. கடை வெக்க இடம் குடுத்தாங்க. எம் புள்ளை வயசுக்கு வந்தப்ப சீர் எல்லாரும் கொண்டாந்தாங்க. இவ வேண்டாம்னு புருசன் ஓடிட்டான்னு தெரிஞ்சிருந்தா? சிரிச்சிருப்பாங்க. எனக்கு என்ன கொறைன்னு கேட்டிருப்பாங்க. செத்துட்டாருங்கற மரியாதையை உட முடியலைக்கா."

"அப்புறம் ஏன் அந்த இலை? உன்னை விட்டுட்டுப் போனவன்தானே. போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

துணியை மடித்து வைத்தாள். "தாலியைக் கழட்டிட்டேன், பொட்டை அழிச்சுட்டேன், அதெல்லாம் என் உடம்பு. இலை போடறதுன்னா அவரு உசுரு. கை வரலைக்கா" என்றாள்.

அவருடைய போன் எண்ணைக் கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "கல்யாணம் முடியற வரைக்கும்..." என்று ஆரம்பித்து அவளே நிறுத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஆரோக்கியசாமியின் பட்டாளத்து இந்தி உதவிற்று. அந்த ஊர் ஸ்டேஷனில் பேசினார், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நேரில் போய்ப் பார்த்து வாக்குமூலம் வாங்கிவிட்டார். போட்டோவும் அனுப்பினார். கடைவாசலில் மயில்சாமி, முண்டா பனியன், வழுக்கை. அதே ஆளா என்று ஒருவர் அடையாளம் சொல்ல வேண்டும்.

டி.எஸ்.பி.க்கு அறிக்கை தயார் செய்ய வேண்டும். பிரிண்டரில் மை இல்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மை இருக்கிறது என்கிறார் ஆரோக்கியசாமி. எனக்கு மங்கலாகத் தெரிகிறது. மேலதிகாரிக்கு மங்கலாக அனுப்ப முடியாது.

ஆகஸ்ட் 31, சனி

பிரிண்டர் சரியில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம். வீட்டுக்காரர், "என்ன, டிடெக்டிவ் மொகம் செத்துப்போய்க் கெடக்குது?" என்றார். ஒன்றுமில்லை, முட்டி என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வலி இல்லாத முட்டிக்கு அரை மணி நேரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

நாச்சிமுத்து வந்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர் வரத்தானே செய்வார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அடையாளம் சொல்ல வேண்டியவரும் அவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போட்டோவைக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார்.

"தொப்பை போட்டுட்டானே" என்றார்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்கிற்று. ஆரோக்கியசாமி தண்ணீர் கொண்டுவந்தார். "உசுரோட இருக்கான், உசுரோட இருக்கான்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அதில் பாதி சந்தோஷம் என்று சத்தியமாகச் சொல்வேன். மீதிப் பாதி அதற்குப் பிறகு வந்தது. கலாமணிக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொன்னபோது மேஜையை ஓங்கி ஒரு அடி அடித்தார். பேனாக்கள் உருண்டன.

"எம் பையன் கண்ணாலத்துக்கு ஒரு இலை போட்டு ஊருக்குச் சோறு போட முடியலீங்கம்மா. அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சுட்டா இருந்தா?"

பேனாக்களைப் பொறுக்கி எடுத்து வைத்தேன். அவர் ஜன்னல் வழியாகச் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ளைக்குக் கண்ணாலம் எப்பங்க?"

"பதினஞ்சு."

"இப்பச் சொன்னா நின்னுருமுங்களா?"

"நிக்கலாம்."

எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "முடியட்டும். அது கைக்கொழந்தையா இருக்கறப்ப நாந்தான் தூக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா ஒண்ணுங்கம்மா. பதினாறாம் தேதி விடியக்காலம் நீங்க கதவைத் தொறக்கறப்ப நான் இங்க நிப்பேன்."

அவர் போனதும் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அழுதேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கலாமணியிடம் போய், நாச்சிமுத்து சொன்னதை அப்படியே சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தைத்து முடித்த என் இரண்டு ரவிக்கைகளையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

காலையில் போன். கலாமணி. நேற்று மகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய் மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். மதுமிதா அம்மாவோடு பேசவில்லை. "நான் சொன்னது தப்புங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வீட்டுக்காரர் செய்தார். ஒவ்வொன்றும் ஒரு வடிவம். பதில் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பம் வராதாம். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நேரில் வந்து, "அப்பன் ஓடுனா புள்ளை என்ன பண்ணும்? ஆனா இனி எங்கிட்ட எதையும் ஒளிக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம். கேட்டதும் எனக்குப் பசி எடுத்தது. மிச்சமிருந்த கொழுக்கட்டை எல்லாவற்றையும் தின்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கலாமணி கூப்பிட்டாள், நாச்சிமுத்து வீட்டுக்குக் கூட வர முடியுமா என்று. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், குங்குமம், பத்திரிகை. தெருவோடு நடந்துதான் போனாள். ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டாள். வாசல்களில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பாதி ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது, மீதிப் பாதிக்கு நாங்கள் தோப்பு போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிட்டது.

நாச்சிமுத்து கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ராமாத்தாள்தான் வந்து நின்றார். கலாமணி தாம்பாளத்தை நீட்டினாள்.

"அண்ணனும் நீங்களும் வந்து தாரை வாத்துக் குடுக்கோணும். அப்பன் எடத்துல நின்னு. ஊருக்கு முன்னால."

மணமகளின் கையைப் பிடித்துக் கொடுப்பது பெற்றவர்கள் செய்வது. மயில்சாமியைக் கொன்றார் என்று சொல்லப்பட்ட மனிதர் மயில்சாமி இடத்தில் நிற்பதென்றால், கோர்ட் தீர்ப்பைவிடப் பெரிது. ராமாத்தாள் கையை நீட்டவில்லை.

"நான் இந்த மனுசனை ஒருநாளும் கேட்டதில்ல, தெரியுமா உனக்கு?" என்றார். குரல் உயரவே இல்லை. "பண்ணீங்களான்னு கேட்டா, பண்ணியிருப்பாருன்னு நான் ஒரு நிமிசமாச்சும் நெனச்சதா ஆயிரும். அதுக்காவ வாயத் தொறக்கலை. ஒண்ணும் தெரியாமயே நான் அப்படி இருந்தேன். நீ எல்லாம் தெரிஞ்சுட்டு இருந்தயே கலாமணி."

கட்டிலில் நாச்சிமுத்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கலாமணி அழுதுகொண்டே தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை தளரவில்லை. ராமாத்தாள் கடைசியில் வாங்கிக்கொண்டார்.

"தாரை வாக்கறதுக்கெல்லாம் வேற ஆளைப் பாத்துக்க. அந்தப் பெரிய மனசு எங்களுக்கு இன்னும் வரலை. சாப்பிட வர்றோம்."

செப்டம்பர் 12, வியாழன்

அறிக்கை அனுப்பிவிட்டேன். மயில்சாமி உயிரோடு இருக்கிறார், கொலை நடக்கவில்லை, நாச்சிமுத்து மீதான நடவடிக்கையைக் கைவிடலாம். டி.எஸ்.பி. படித்துவிட்டு, "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார். சாப்பிடப் போனேன் என்றேன். கோர்ட்டில் முடிவாக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மண்டபத்தில் ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தாரை வார்த்தது மயில்சாமியின் அக்காவும் அவள் புருஷனும். மதுமிதா தாலி ஏறும்வரை முகத்தை உம்மென்று வைத்திருந்தாள். ஏறியதும் திரும்பி அம்மாவைத் தேடினாள். அது போதும்.

நாச்சிமுத்துவும் ராமாத்தாளும் தாலி கட்டிய பிறகுதான் வந்தார்கள். நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர்கள் நுழைந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. இரண்டு பேரும் யாரையும் பார்க்காமல் போய் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு பக்கத்தை நானும் வீட்டுக்காரரும் நிரப்பினோம்.

கலாமணியே வாளியை எடுத்துக்கொண்டு வந்து பரிமாறினாள். ராமாத்தாள் பொரியலை வேண்டாம் என்றார். பாயசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். கூட்டத்தில் முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அப்போது மயில்சாமியின் அக்காவைக் கட்டியவர், சற்று முன்பு தாரை வார்த்தவர், ஈரத் துண்டோடு வந்து நாச்சிமுத்துவுக்கு மறுபக்கத்துக் காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்பு அந்த ரிக் வண்டியில் டிரைவராக இருந்தவராம் இவர். நாச்சிமுத்து வீட்டுக்கு நான்கு தெரு தள்ளித்தான் இவர் வீடு. இத்தனை வருடமும் நாச்சிமுத்து எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், வெளியூரிலிருந்து வந்தவர்களைக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"எப்ப வந்தீங்க மாப்ளே?"

நாச்சிமுத்து சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தானுங்க வந்தேன்" என்றார். பிறகு இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.